நிதி திரட்ட வந்தவரும் நீலப் பேரேடும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடி வட்டாரத்தில் இயங்கும் ஒரு சிறு அறக்கட்டளையில் 2022 ஜூன் முதல் 2023 ஜூன் வரை நடந்தது இது. பழைய சத்திரங்கள், ஊருணிப் படித்துறைகள், ஆள் குடியில்லாத பெரிய வீடுகள் ஆகியவற்றைப் பழுதுபார்த்துப் புழக்கத்துக்குக் கொண்டுவருவது அறக்கட்டளையின் வேலை. நான் அப்போது செயலாளர். ஆட்களின் பெயரையும் ஊரின் பெயரையும் விட்டிருக்கிறேன். அடையாளம் தெரிந்துவிடும் சில சிறு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இந்தப் பக்கத்தில் பணம் திரட்டுவது புதிய சங்கதியில்லை. கோயிலுக்குப் புள்ளிக் கணக்கில் வரி வாங்குவது நகரத்தாரிடம் தலைமுறைகளாக உள்ள வழக்கம். கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. திருப்பணி என்று சொன்னால் போதும், சிங்கப்பூரில் இருப்பவரும் தன் பங்கைக் கேட்டு அனுப்பிவிடுவார். சத்திரத்துக்கு அப்படி வராது. "அது யாரோடது?" என்பதுதான் முதல் கேள்வி. வீடுகளுக்கு அதைவிடச் சிக்கல். ஒரே வீட்டில் முப்பது, நாற்பது பேருக்குப் பங்கு இருக்கும். ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால் ஓடு மாற்றக்கூட முடியாது. அப்படியே விட்டுப்போய், கடைசியில் பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் கழன்று கடைக்குப் போன வீடுகள் ஏராளம்.

எங்களுக்குப் பதினோரு ஆண்டுகளாகப் பணம் திரட்டித் தந்தவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர். சம்பளம் கிடையாது. ஊரில் எல்லோருக்கும் 'மேனேஜர் சார்'. அவரிடம் நீல அட்டை போட்ட ஒரு பேரேடு உண்டு. யார் கொடுத்தார், எப்போது கொடுத்தார் என்பதெல்லாம் அதில்தான். 76 வயதில் அவருக்குக் கண்பார்வை குறைந்தது, பஸ்ஸில் அலைய முடியவில்லை. அப்போது எங்கள் கையில் இருந்தது ஒரு சத்திரம். மேல்தளம் முழுக்கப் பிரித்துப் போடவேண்டிய நிலை. எனவே முதல்முறையாகச் சம்பளத்துக்கு ஒரு நிதி அலுவலரை எடுப்பது என்று முடிவு செய்தோம்.

எடுத்த விதம்

வந்தவர் முப்பது வயதுப் பெண். கோயம்புத்தூரில் குழந்தைகள் கல்விக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் நான்கு ஆண்டு நிதி திரட்டியவர். கணினியில் நன்கொடையாளர் பட்டியல் பராமரிப்பது, மாதாமாதம் நன்றி மடல் அனுப்புவது, நிறுவனங்களுக்குத் திட்ட அறிக்கை எழுதுவது எல்லாம் கைவந்த வேலை. பழைய கட்டடத்தோடு மட்டும் பழக்கமில்லை. நேர்காணலிலேயே அதை அவர் சொன்னார். "அதெல்லாம் போகப் போகத் தெரிஞ்சுடும்" என்று பதில் சொன்னது நான்தான்.

முதல் நாள் சால்வை போர்த்தினோம், குழுப்படம் எடுத்தோம், எல்லோருக்கும் கேசரி. பேருந்து நிலையம் பக்கம் வாடகைக்கு எடுத்த அறையில் மேசை, மடிக்கணினி, பழைய ஆண்டறிக்கைகள், பேரேட்டிலிருந்து யாரோ எப்போதோ தட்டச்சு செய்திருந்த 400 சொச்சம் பெயர்கள். கூடவே ஆறு மாதத்துக்கு ஓர் இலக்குத் தொகை, அதாவது தளவேலைக்கான மதிப்பீட்டில் பாதி. அதோடு வரவேற்பு முடிந்தது. சத்திரம் அந்த அறையிலிருந்து 9 கிலோமீட்டர்.

முதல் சில வாரங்கள்

அவர் சும்மா இருக்கவில்லை. ஜூன் முழுக்கப் பட்டியலைச் சரிசெய்தார், ஜூலை மூன்றாவது வாரம் கடிதங்களை அனுப்பினார், பிறகு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார். வந்த பதில்கள் மிகக் குறைவு. ஏன் என்று நாங்கள் அப்போது கேட்கவில்லை. நடந்தவை நான்கு. தெரிந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதலாவது, கடிதம் போன நேரம் ஆடி. "ஆடி போகட்டும், பார்க்கலாம்" என்று நல்ல மனதோடு சொன்னவர்களே பலர். ஆவணியில் அவர்களை மறுபடி அழைத்திருந்தால் போதும். அலுவலர் அதை மறுப்பு என்று குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போயிருந்தார். கோயம்புத்தூரில் அவர் அழைத்ததெல்லாம் ஐ.டி. நிறுவன ஊழியர்களை, அங்கே ஆடி ஒரு பொருட்டில்லை. இங்கே எங்கள் யாருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவு தெரிந்த விஷயம் அது.

இரண்டாவது, ஒரு கடிதம் இறந்துபோனவர் பெயருக்குப் போயிற்று. அவர் போய் மூன்று ஆண்டு ஆகிறது. பேரேட்டில் அந்தப் பெயருக்கு எதிரே மேனேஜர் சார் சிறு சிலுவைக்குறி போட்டிருந்தார். தட்டச்சு செய்தவர் அதை விட்டுவிட்டார். "ஐயா நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்" என்று தொடங்கும் கடிதத்தைப் பிரித்துப் படித்தது அவருடைய மனைவி. அந்த ஆச்சி எங்களைக் கூப்பிடவில்லை. மேனேஜர் சாரைக் கூப்பிட்டு, "உங்க ஆபீஸ்ல எங்களை மறந்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாராம்.

மூன்றாவது, எல்லா நன்கொடையாளரும் கேட்கும் ஒரு கேள்விக்கு அலுவலரிடம் பதில் இல்லை. "இவ்வளவு செலவு எதுக்கு? பேசாம சிமெண்ட்டைப் போட்டுட்டா என்ன?" பாரம்பரியம், பண்பாடு என்று அறிக்கைகளில் படித்ததை அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். கட்டடம் கட்டித் தெரிந்த ஆட்களிடம் அது எடுபடவில்லை.

நான்காவதுதான் எங்களைத் தூக்கிவாரிப்போட்டது. பினாங்கிலிருந்து ஒருவர், மூதாதையர் ஊர் இது என்பதால், ஒரு நல்ல தொகை தருவதாகச் சொன்னார். அலுவலர் மகிழ்ச்சியோடு வங்கிக் கணக்கு விவரங்களை மின்னஞ்சலில் எழுதி, அனுப்புவதற்கு முன் வழக்கம்போலக் கணக்கருக்கு ஒரு பிரதி காட்டினார். கணக்கர் அப்படியே நிறுத்தினார். அந்த நன்கொடையாளர் மலேசியக் குடியுரிமை உள்ளவர். எங்கள் அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடை பெறும் பதிவு கிடையாது. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. பதிவு இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு, புதுதில்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கெனத் திறந்த கணக்கில்தான் முதலில் வந்து சேரவேண்டும்.

அலுவலர் சொன்ன காரணம் நியாயமானது: "பழைய இடத்துல அமெரிக்காவுல இருக்கறவங்க அனுப்புவாங்க சார், வாங்கியிருக்கோம்." அது வேறு. வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியக் குடியுரிமையை வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாகத் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் தந்தால், இந்திய வம்சாவளிக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், ரூபாயிலேயே தந்தாலும், ஆகும். பாதி உறவு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் ஒரு வட்டாரத்தில் இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை.

ஆடிக் கடைசிக் கூட்டம்

ஆகஸ்ட் நடுவில் அறங்காவலர்கள் ஐந்து பேரும் உட்கார்ந்தோம். பேச்சு ஆரம்பித்தது "ஆள் சரியில்லையோ" என்ற இடத்தில். ஒருவர் சோதனைக் காலம் முடிவதற்குள் மாற்றிவிடலாம் என்றார். கணக்கர் அறங்காவலர் அல்ல, ஆனால் கூட்டத்தில் இருந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அந்தப் பொண்ணு இதுவரைக்கும் சத்திரத்துக்குள்ள எத்தனை தடவை போயிருக்கு?"

இரண்டு தடவை. ஒன்று முதல் நாள், படம் எடுக்க. அடுத்தது பத்திரிகைக்காரர் ஒருவரோடு, அரைமணி நேரம்.

அதன்பின் அவரையே அழைத்துக் கேட்டோம். தயங்கித்தான் சொன்னார். சத்திரத்துக்குப் போகவரப் பயணப்படி என்று எதுவும் பேசப்படவில்லை; ஆட்டோவுக்குத் தன் கைக்காசைப் போட்டிருந்தார். இன்னொன்று, வேலை நடக்கும் இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. சித்தாள் பெண்கள் பக்கத்து வீட்டில் கேட்டுப் போய்வருகிறார்கள் என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நூறு வருடக் கட்டடத்தைக் காப்பாற்ற வந்த ஐந்து ஆண்களுக்கு அது கண்ணில் படவில்லை. இதை ஆய்வில் எழுதவேண்டுமா என்று ஓர் அறங்காவலர் கேட்டார். எழுதத்தான் வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

தீபாவளி வரை யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று முடிவானது. ஆறு மாத இலக்கு ரத்து. இதற்கு எதிர்ப்பு இருந்தது. சம்பளமும் கொடுத்துவிட்டு கேட்காதே என்றும் சொல்வதா என்று ஒருவர் வாதிட்டார். அவர் வாதத்தில் பொருள் உண்டு, வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. ஆனால் தவறாகக் கேட்டுக் கெடுத்த ஒவ்வொரு வீடும் இன்னும் பத்து வருடத்துக்குத் திறக்காது என்பதும் உண்மை. மூன்றுக்கு இரண்டாக முடிவு தேறியது.

இடைக்காலத்தில் அவர் செய்யவேண்டியது மூன்று: வாரம் மூன்று நாள் சத்திரத்தில் இருப்பது, செவ்வாயும் வெள்ளியும் காலையில் மேனேஜர் சார் வீட்டில் பேரேட்டைப் படிப்பது, கணக்கரிடம் ஒரு முழுநாள் பாடம். பயணப்படி அன்றே முடிவானது. தற்காலிகக் கழிப்பறை பத்து நாளில் வந்தது.

கணக்கர் நடத்திய பாடம்தான் எங்களில் சிலருக்கும் முதல் பாடம். அவர் சொன்னவை 2022-23இல் இருந்த விதிகள். நன்கொடை தருபவருக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி சலுகை வேண்டுமானால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தருவது செல்லாது. இங்கே பெரியவர்கள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு 5,001, 10,001 என்று ரொக்கமாகவே வைப்பார்கள். அந்த ஒரு ரூபாய் இல்லாமல் தருவது அவர்களுக்கு ஒப்பாது. அதை வாங்கும்போதே, முகம் கோணாமல், காசோலை கேட்கத் தெரிய வேண்டும். நன்கொடையாளரின் பான் எண்ணை வாங்கி, நிதியாண்டு முடிந்தபின் மே 31க்குள் வருமான வரித் துறையின் 10பிடி படிவத்தில் ஏற்றினால்தான் அவருக்கு 10பிஇ என்ற நன்கொடைச் சான்று தர முடியும். வெறும் ரசீது இப்போது போதாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தவருக்கு 80ஜி சலுகையே இல்லை, ஆகவே சம்பளக்காரர்களிடம் வரிச்சலுகையை முதலில் பேசாதே. இப்படிப் போனது பாடம்.

பினாங்குக்காரருக்கு அலுவலரே கடிதம் எழுதினார்: சட்டப்படி இப்போது வாங்க முடியாத நிலையில் இருக்கிறோம், ஊருக்கு வரும்போது சத்திரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று. அவர் கோபிக்கவில்லை.

சத்திரத்தில் கற்றது

இந்தப் பகுதி நாங்கள் திட்டமிட்டதைவிட நன்றாக நடந்தது. அதற்குப் பாராட்டு கொத்தனாருக்குத்தான்.

சத்திரத்தின் மேல்தளம் மெட்ராஸ் டெர்ரஸ் முறையில் போட்டது. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின்மேல் சிறு செங்கற்களை மூலைவாட்டில் நிமிர்த்தி வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. பல ஆண்டுகளுக்கு முன் ஒழுகியபோது யாரோ தட்டோட்டின் மேல் சிமெண்ட் பூச்சு போட்டுவிட்டார்கள். சிமெண்ட் வெயிலில் வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய நீர் மேலே ஆவியாக வழியில்லாமல் கீழே தங்கும். சுவரில் ஓதம் ஏறி உப்புப் பொரியும். கட்டை சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் இற்றுப்போகும்.

கொத்தனார் இதையெல்லாம் வாயால் சொல்லவில்லை. கழற்றிய கட்டையின் முனையை அலுவலர் கையில் கொடுத்து, "நசுக்கிப் பாரும்மா" என்றார். பெருவிரல் அழுத்தத்திலேயே தூளாக உதிர்ந்தது. கட்டையின் நடுப்பகுதி அதே வயதில் இரும்பு மாதிரி இருந்தது. "சிமெண்ட்டு தண்ணிய உள்ளயே புடிச்சு வச்சுக்கும். சுண்ணாம்பு விட்டுரும்." அவ்வளவுதான் அவர் சொன்னது.

அலுவலர் அந்தக் கட்டை முனையை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் போன ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பை மேசைமேல் திறந்தது. சிமெண்ட் போட்டால் என்ன என்று கேட்டவர் கையில் கட்டையைக் கொடுத்தால் மேற்கொண்டு பேச்சு வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு யோசனையும் அங்கேதான் அவருக்கு வந்தது. பழைய வேலையில் 'ஒரு குழந்தைக்கு ஒரு வருடப் படிப்பு' என்று கேட்டுப் பழகியவர். தளத்தைக் கொத்தனார் சதுரக் கணக்கில் அளப்பதைக் கேட்டார். ஒரு சதுரம் என்றால் நூறு சதுர அடி. 'சத்திரத்துக்கு நிதி' என்று கேட்காமல் 'ஒரு சதுரத் தளம்' என்று கேட்கலாமே என்றார். ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் சதுரம் தெரியும், வீடு கட்டாதவர் யார்? எங்களுக்குப் பதினோரு வருடம் தோன்றாதது இது. வெளியாள் வந்ததால் கிடைத்த லாபம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

பேரேடு

மேனேஜர் சார் வீட்டில் முதல் சில வாரங்கள் ஒன்றும் நகரவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் காட்டுவார், பிறகு காபி, பிறகு வங்கிக் காலத்துக் கதை. இடத்தை விட்டுக்கொடுக்க மனசில்லை என்று நாங்கள் முடிவுகட்டினோம். நான் போய்ப் பேசவும் இருந்தேன். அலுவலர் வேண்டாம் என்றார். "ஐயா எதையோ யோசிக்கறாங்க சார், கொஞ்சம் விடுங்க."

செப்டம்பர் கடைசியில் அவரே வாயைத் திறந்தார். பேரேட்டில் தொகை மட்டும் இல்லை. எந்த வீட்டில் பங்காளிச் சண்டை, எந்த அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை, யார் யாருக்குத் தெரியாமல் கொடுத்தார், யாருடைய தொழில் நொடித்தது எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தது. அவரை நம்பிச் சொன்னவை. கணினியில் ஏறினால் நாளைக்கு யார் கையில் இருக்குமோ என்பதுதான் அவருடைய பயம். நாங்கள் பொறாமை என்று நினைத்தது இதைத்தான்.

அன்று அலுவலர் அவரிடம் ஒரு யோசனை சொன்னார், எங்களைக் கேட்காமலே. பேரேட்டை மூன்றாகப் பிரிக்கலாம். பெயர், முகவரி, கொடுத்த விவரம், இறந்தவர் குறிப்பு கணினிக்கு. 'போன் பண்ணாதே, நேரில் போ', 'காலை பத்துக்கு மேல்', 'அவரைக் கேட்காதே, ஆச்சியைக் கேள்' என்பன போன்ற பழகும் முறைகள் அலுவலரின் சொந்தக் குறிப்பேட்டுக்கு. மற்றவை ஐயாவிடமே. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் ஒரே மூச்சில் பன்னிரண்டு பக்கம் படித்துச் சொன்னாராம்.

அக்டோபரிலிருந்து இருவரும் சேர்ந்து வீடுகளுக்குப் போனார்கள். முதல் சந்திப்பில் பணப்பேச்சு கிடையாது என்பது மேனேஜர் சார் போட்ட விதி. "இனிமே இவங்கதான் நம்ம ஆளு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். முதலில் போனது கடிதம் வந்த அந்த ஆச்சி வீட்டுக்கு. அலுவலர் மன்னிப்புக் கேட்டார். ஆச்சி அதற்குப் பதில் சொல்லவில்லை, பணியாரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எந்த ஊரும்மா நீ?" என்று தொடங்கினார்.

என்ன ஆனது

மழைக்கு முன் தளத்தில் பாதிதான் முடிந்தது. மீதிக்குத் தார்ப்பாய். நவம்பரில் ஓர் இரவு காற்றில் தார்ப்பாய் பறந்து, வடக்கு அறையின் சுவர் பூச்சு நனைந்து பாழானது. பணம் கேட்பதை நிறுத்திவைத்ததன் விலை இது. அந்த முடிவை எதிர்த்த அறங்காவலர் அதைச் சொல்லிக்காட்டினார், சொல்ல உரிமையும் இருந்தது.

தை மாதம் நிலைமை மாறியது. பொங்கலுக்கும் கல்யாணங்களுக்கும் வெளியூர்க் குடும்பங்கள் ஊருக்கு வரும் காலம். ஓர் அறுபதாம் கல்யாணத்தில் தம்பதியின் பிள்ளைகள் பரிசுக்குப் பதிலாக இரண்டு சதுரம் எடுத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்த இன்னொரு வீட்டில் நான்கு. அந்த ஆச்சி கணவர் பெயரில் ஒன்று. மார்ச் முடிவதற்குள் மீதித் தளத்துக்கான பணம் சேர்ந்தது, ஏப்ரலில் வேலை தொடங்கியது. 10பிடி படிவம் மே மாதம் கெடுவுக்கு முன்பே போனது.

நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம் வரவில்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வரலாற்று முக்கியத்துவம் உள்ள கட்டடங்களைச் சீரமைப்பதும் இருக்கிறது. எங்களிடம் தேவையான பதிவுகளும் இருந்தன. ஆனால் அலுவலர் அணுகிய இரண்டு நிறுவனங்களும் கேட்டது, "பயனாளிகள் எத்தனை பேர்?" சத்திரத்துக்குப் பயனாளி யார் என்று எழுதத் தெரியாமல் நாங்கள் விழித்தோம். சுண்ணாம்பு வேலையை இளைஞர்களுக்குக் கற்றுத்தரும் பயிற்சியாக மாற்றி எழுதலாம் என்று அவர் ஒரு வரைவு தயாரித்தார். ஜூன் 2023 வரை பதில் இல்லை.

மறுபடி செய்தால்

முதல் இரண்டு வாரம் அலுவலக அறையே வேண்டாம். சத்திரத்தில் கொத்தனாரோடு இருக்கட்டும். கணக்கரின் பாடம் முதல் வாரத்தில், ஒரு கடிதம் போவதற்கு முன். பட்டியலை ஊர் தெரிந்த ஒருவர் வாய்விட்டுப் படித்து, இறந்தவர் பெயர்களை நீக்கவேண்டும். பயணப்படியும் கழிப்பறையும் ஆள் வருவதற்கு முன்பே இருக்கவேண்டும்.

இலக்கு விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. முதல் ஆறு மாதத்துக்குத் தொகை இலக்கே கூடாது என்பது என் எண்ணம். எத்தனை வீட்டுக்கு நேரில் போனார் என்று எண்ணினால் போதும். தார்ப்பாய் பறந்த இரவை நினைப்பவர்கள் இதை ஏற்கவில்லை. மழைக்கு முன் முடிக்கவேண்டிய வேலைக்கு மட்டும் பழையவர் கேட்கட்டும், புதியவர் கூடப் போகட்டும் என்று நடுவில் ஒரு வழியைச் சொல்கிறார்கள். அடுத்த முறை அப்படித்தான் செய்து பார்ப்போம் என்று நினைக்கிறேன்.

பேரேட்டின் கடைசிப் பதினெட்டுப் பக்கங்கள் கணினியில் ஏறவில்லை. ஜூன் மாதத் தணிக்கையில் அது ஏன் என்று கேட்டபோது, அலுவலர் "அது எங்ககிட்ட இல்ல, ஐயாகிட்ட இருக்கு" என்றார். கணக்கர் தலையாட்டினார். அடுத்த கோப்பை எடுத்தோம்.